எந்தக் குருவியின் அலகும் தடிக்கவில்லை: இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது?

2023இல், மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. தனது பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. மரபும் பரிணாமமும் சேர்ந்திருந்த பாடத்தில் மரபு மட்டும் மிஞ்சியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் பாடம் இருக்கிறதே என்று பதில் சொல்லப்பட்டது. இருக்கிறது, உண்மைதான். ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டு வணிகவியலோ வரலாறோ எடுக்கும் பிள்ளை அந்தப் பக்கங்களைப் பார்க்கவே போவதில்லை.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2018 ஜனவரியில், அப்போது மத்திய இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, எனவே டார்வின் சொன்னது தவறு என்றார். பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். எனக்கு அது சிரித்துக் கடக்கும் கேள்வியாகத் தெரியவில்லை. பள்ளியில் இந்தப் பாடத்தைப் படித்து முடித்த பலரும் மனதில் வைத்திருக்கும் படம் அதுதான்: ஒரு விலங்கு கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி இன்னொரு விலங்காகிறது. இயற்கைத் தேர்வு அப்படி நடப்பதே இல்லை. அது நடக்கும் விதம் புரிந்துவிட்டால், 'யாராவது பார்த்தார்களா?' என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். பார்த்திருக்கிறார்கள், அளவுகோல் வைத்து அளந்தும் இருக்கிறார்கள்.

மூன்று நிபந்தனைகள்

ஏதாவது ஒரு உயிரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள மூன்றும் அதற்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

1. வேறுபாடு. ஒரே இனத்தைச் சேர்ந்தவை ஆனாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பதில்லை. உயரம், நிறம், நோயைத் தாங்கும் திறன், அலகின் தடிமன் என ஏதோ ஒன்றில் வித்தியாசம் இருக்கும்.

2. மரபு. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். வெயிலில் வேலை செய்து கறுத்த தோல் பிள்ளைக்குப் போகாது. பிறப்பிலேயே வந்த நிறம் போகும்.

3. பிழைப்பதில் ஏற்றத்தாழ்வு. பிறப்பவை எல்லாம் வளர்ந்து குட்டி போடுவதில்லை. யார் பிழைக்கிறார்கள், யார் அதிகப் பிள்ளைகளை விட்டுச்செல்கிறார்கள் என்பது முழுக்க அதிர்ஷ்டத்தால் மட்டும் முடிவாகாமல், முதலில் சொன்ன வேறுபாட்டையும் பொறுத்திருக்க வேண்டும்.

இந்த மூன்றும் இருந்தால், அடுத்த தலைமுறையில் சாதகமான பண்பு உள்ளவர்களின் பங்கு கூடும். இது வெறும் கணக்கு. யாரும் திட்டமிட வேண்டியதில்லை, எந்த உயிரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை. நம் விவசாயிகள் நல்ல கதிரைப் பார்த்து விதைநெல்லுக்கு ஒதுக்கிவைத்தபோது மூன்றாவது நிபந்தனையைக் கையால் செய்தார்கள். இயற்கையில் அந்தக் கையின் இடத்தில் வறட்சி, நோய், பசி, எதிரி, துணை கிடைக்காமை எல்லாம் இருக்கின்றன.

சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்தார்கள். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவரின் எழுத்துகளும் சேர்த்து வாசிக்கப்பட்டன. இரண்டாவது நிபந்தனையான மரபு எப்படி வேலை செய்கிறது என்பது அவர்கள் இருவருக்குமே தெரியாது. மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1866இல் அச்சானது. அதன் அருமை உலகத்துக்குத் தெரிய 1900 ஆகிவிட்டது. மரபணு என்றால் என்ன என்று தெரியாமலேயே, மரபு என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஒரு விஷயத்தில் டார்வின் கணிப்பு தவறியது. இயற்கைத் தேர்வு மிக மெதுவாக நடப்பது, ஒரு மனித ஆயுளில் கண்ணால் பார்க்க முடியாது என்றே அவர் நினைத்தார்.

டாஃப்னி மேஜர், 1977

ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு குட்டித் தீவு. எரிமலையின் உச்சி மட்டும் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அரை சதுரக் கிலோமீட்டர்கூட இல்லை. மனிதர் குடியில்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973இல் அங்கே ஆய்வைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போனார்கள். தீவு சின்னது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்குள்ள குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகின் நீளம், அகலம், தடிமனை அளந்து, யாருக்கு யார் குஞ்சு என்று பதிவுசெய்து, ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க முடிந்தது.

அவர்கள் அதிகம் கவனித்தது ஜியோஸ்பிசா ஃபோர்டிஸ் என்ற நடுத்தரத் தரைக்குருவி. விதை தின்னும் பறவை. ஒரே தீவில், ஒரே இனத்துக்குள்ளேயே, சிலவற்றின் அலகு மெல்லியதாகவும் சிலவற்றின் அலகு தடித்தும் இருந்தது. முதல் நிபந்தனை சரி. பெற்றோரின் அலகுத் தடிமனையும் வளர்ந்த குஞ்சின் அலகுத் தடிமனையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது இரண்டும் நெருக்கமாக ஒத்துப்போயின. தடித்த அலகுக்குத் தடித்த அலகுதான் பிறக்கிறது. இரண்டாவதும் சரி.

மூன்றாவது நிபந்தனையைக் காட்ட 1977 வந்தது. முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் சுமார் 130 மில்லிமீட்டர் மழை பெய்த தீவில் அந்த ஆண்டு பெய்தது 24 மில்லிமீட்டர். செடிகள் விதை வைக்கவில்லை, குருவிகள் கூடு கட்டவில்லை. மண்ணில் கிடந்த சின்ன, மெல்லிய விதைகளை எல்லாக் குருவிகளும் முதல் சில மாதங்களிலேயே தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது பெரிய, கெட்டியான விதைகள். அவற்றில் முக்கியமானது ஒரு நெருஞ்சி. நம் ஊர்த் தரிசு நிலத்தில் காலில் குத்தும் அதே நெருஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த செடி. அதன் முள்ளோட்டை உடைத்தால்தான் உள்ளே இருக்கும் விதை கிடைக்கும். தடித்த அலகு உடைத்தது. மெல்லிய அலகால் முடியவில்லை.

சுமார் 85 சதவீதக் குருவிகள் மடிந்தன. பிழைத்தவற்றின் அலகை முன்பே எழுதிவைத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, சராசரித் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. மழை திரும்பி வந்து அவை குஞ்சு பொரித்தபோது, குஞ்சுகளின் சராசரியும் வறட்சிக்கு முன்பு பிறந்தவற்றைவிடக் கூடுதலாகவே இருந்தது. இந்த வேலையில் முன்னின்ற பீட்டர் போக் என்ற ஆய்வாளரும் பீட்டர் கிராண்டும் 1981இல் இதை வெளியிட்டார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த ஒரு குருவியின் அலகும் அந்த ஆண்டில் தடிக்கவில்லை. 1976இல் எந்த அலகோடு ஒரு குருவி இருந்ததோ அதே அலகோடுதான் அது பிழைத்தது, அல்லது செத்தது. மாறியது கூட்டத்தின் சராசரி. மெல்லிய அலகுகள் கணக்கிலிருந்து கழிந்துபோனதால் சராசரி நகர்ந்தது. பரிணாமம் என்று உயிரியலில் சொல்வது இதைத்தான்: தலைமுறைகள் கடக்கும்போது ஒரு கூட்டத்துக்குள் எந்த மரபுப் பண்பு எவ்வளவு பங்கு என்ற விகிதம் மாறுவது. தனி உயிர் பரிணமிப்பதில்லை. கூட்டம் பரிணமிக்கிறது. ஒரு குரங்கு மனிதனாக மாறுவதைப் பார்க்கக் காத்திருப்பவர், நடக்காத இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்.

வறட்சியில் இன்னொன்றும் நடந்தது. ஆண் குருவிகள் பொதுவாகப் பெண்களைவிடப் பெரியவை என்பதால் ஆண்களே அதிகம் பிழைத்தன. அடுத்த ஆண்டு ஒரு பெண்ணுக்கு ஐந்தாறு ஆண்கள் என்ற நிலை. பெண் குருவிகள் அவற்றிலும் பெரிய உடலும் பெரிய அலகும் உள்ள ஆண்களையே சேர்ந்தன. ஆக, தேர்வு இரண்டு முறை ஒரே திசையில் தள்ளியது. உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, பிள்ளைகளை விட்டுச்செல்ல வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனையின் பின்பாதி இதுதான். தகுதி என்று பரிணாம உயிரியல் பேசுவதும் பலத்தை வைத்து அல்ல, விட்டுச்சென்ற சந்ததியின் எண்ணிக்கையை வைத்துத்தான்.

தேவைக்காக மாற்றம் வருவதில்லை

சரி, தடித்த அலகு முதலில் எங்கிருந்து வந்தது? வறட்சி வந்ததால் வரவில்லை. அது முன்பே இருந்தது. மரபணு நகலெடுக்கப்படும்போது ஏற்படும் பிழைகள்தான் புதிய வேறுபாடுகளுக்கு மூலம். சடுதிமாற்றம் என்று பாடநூல்கள் இதைச் சொல்கின்றன. பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை, சில கெடுதலானவை, மிகச் சில குறிப்பிட்ட சூழலில் உதவுபவை. எது உதவும் என்று பார்த்து அவை வருவதில்லை.

இதை அழகாக நிரூபித்தவர்கள் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி. 1952இல் அவர்கள் செய்த சோதனை எளிமையானது:

1. ஒரு தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகித் தனித்தனிப் புள்ளிக் கூட்டமாக வளர்ந்தது.

2. வெல்வெட் துணியை அந்தத் தட்டின் மேல் அழுத்தி, அதே துணியை ஆன்டிபயாடிக் கலந்த வேறு தட்டுகளில் முத்திரை குத்துவது போலப் பதித்தார்கள். எந்தப் புள்ளி எங்கே இருந்ததோ அதே இடத்தில் நகல் விழுந்தது.

3. மருந்துத் தட்டுகளில் ஏறக்குறைய எல்லாம் செத்தன. ஒரு சில புள்ளிகள் மட்டும் வளர்ந்தன, அதுவும் எல்லா நகல் தட்டுகளிலும் அதே இடங்களில்.

4. மருந்தையே பார்த்திராத முதல் தட்டுக்குப் போய், அதே இடத்திலிருந்த பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தார்கள். அவை மருந்தைத் தாங்கின.

மருந்து எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கவில்லை. மருந்து வருவதற்கு முன்பே ஏதோ ஒரு சில பாக்டீரியாவிடம் எதிர்ப்பு இருந்தது. மருந்து மற்றவற்றை அப்புறப்படுத்தி அவற்றுக்கு இடம் கொடுத்தது. 'கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன' என்று நாம் பேச்சில் சொல்வது இந்த இடத்தில்தான் நம்மைத் தவறான வழிக்கு இழுத்துப் போகிறது.

நல்ல பண்பு என்று நிரந்தரமாக எதுவும் இல்லை

டாஃப்னி மேஜரில் 1977க்குப் பிறகு அலகு தடித்துக்கொண்டே போனதா? இல்லை. 1982-83இல் வலுவான எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, வந்தது. 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கொடிகள் தீவை மூடி நெருஞ்சியையும் கள்ளியையும் அமுக்கிவிட்டன. சின்ன விதைகள் பெருகின. அடுத்து வறட்சி வந்தபோது சின்ன அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. 1977இல் உயிர் காத்த அதே அலகு இப்போது சுமையாகிவிட்டது.

2004இல் மறுபடி வறட்சி. இந்த முறை தீவில் ஒரு புதிய குடியேறி இருந்தது: எல் நினோ சமயத்தில் வந்து தங்கிவிட்ட பெருந்தரைக்குருவி. நெருஞ்சியை நடுத்தரத் தரைக்குருவியைவிட எளிதாக உடைக்கக்கூடியது. நெருஞ்சி எல்லாம் அதற்கே போய்விட்டதால், நடுத்தரக் குருவிகளில் பெரிய அலகு உள்ளவை அதிகம் செத்தன. 1977இல் நடந்ததற்கு நேர் எதிர். இம்முறை மரபணுவையும் பார்க்க முடிந்தது. அலகின் அளவோடு தொடர்புள்ள எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுவின் சிறு அலகு வடிவத்தைக் கொண்டிருந்த குருவிகள் அந்த வறட்சியில் கூடுதலாகப் பிழைத்தன என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

முன்னேற்றம் என்ற எண்ணத்தைப் பரிணாமத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் இந்தக் குருவிகளின் கதையைப் படிக்க வேண்டும். இயற்கைத் தேர்வுக்கு எதிர்காலம் தெரியாது. இந்த ஆண்டின் விதை மட்டுமே தெரியும்.

மனிதர்களிடமும் இதே கணக்கு நடந்திருக்கிறது, அதுவும் நமக்கு மிக அருகில். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் கண்டறிந்தார்கள். இந்தியாவில் இந்த மரபணு பற்றி வந்த முதல் அறிக்கைகளில் ஒன்று அது. இருளர், பணியர், குறும்பர் சமூகங்களில் இன்றும் பல குடும்பங்கள் இந்த நோயின் பாரத்தைச் சுமக்கின்றன. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம் செய்திகளில் அடிபட்டபோது, இவ்வளவு கொடிய நோயை உண்டாக்கும் மரபணுவை இயற்கைத் தேர்வு ஏன் எப்போதோ துடைத்தெறியவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

பதில் மலேரியாவில் இருக்கிறது. இந்த மரபணுவின் பிரதியை ஒருவர் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றால், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, கடும் வலியும் சோகையும் வரும். ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் பெரும்பாலும் நோய் வராது. அதோடு, மலேரியா வகைகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம் மலேரியா கடுமையாவதிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆன்டனி அலிசன் 1954இல் இதை எடுத்துக்காட்டினார்.

ஒற்றைப் பிரதி உள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள வாய்ப்பு இது: நான்கில் ஒரு பங்கு இரட்டைப் பிரதி, அதாவது நோய். நான்கில் ஒரு பங்கு பிரதியே இல்லை, அதாவது மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இல்லை. பாதிக்குப் பாதி ஒற்றைப் பிரதி, அதாவது பாதுகாப்பு. மலேரியா குழந்தைகளை வாரிக்கொண்டு போன காட்டில், ஒற்றைப் பிரதிக்காரர்கள் அதிகம் பிழைத்தார்கள். அவர்கள் வழியாகவே மரபணுவும் பிழைத்தது. நான்கில் ஒரு குழந்தையின் துன்பம் அந்தக் கணக்குக்குள் விலையாகச் சேர்ந்துவிட்டது. மலேரியா குறைந்த பிறகும் மரபணு உடனே மறையாது, ஒற்றைப் பிரதியால் இப்போது நஷ்டம் ஏதும் பெரிதாக இல்லை. இந்த நோயை ஒரு சமூகத்தின் குறையாகவோ களங்கமாகவோ பேசுபவர்கள், அந்தச் சமூகத்தின் முன்னோர் எதைத் தாண்டி வந்தார்கள் என்பதை அறியாமல் பேசுகிறார்கள்.

அலகு சரி, கண் எப்படி?

அரை மில்லிமீட்டர் மாற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களும் கண் போன்ற சிக்கலான உறுப்பு என்றதும் தயங்குவார்கள். பாதிக் கண்ணால் என்ன பயன்? நிறையப் பயன். வெளிச்சம், இருட்டு மட்டும் அறியும் ஒரு திட்டு இருந்தாலே மேலே நிழல் விழும்போது ஒளிந்துகொள்ளலாம். அந்தத் திட்டு கொஞ்சம் குழிந்தால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், தட்டைப்புழுக்களுக்கு இன்றும் அப்படித்தான். குழியின் வாய் சுருங்கினால் மங்கலாக உருவம் தெரியும், நாட்டிலஸ் என்ற கடல் உயிரிக்கு லென்ஸ் இல்லாமல் இவ்வளவுதான் கண். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சற்று மேல் என்றால் போதும். டான்-எரிக் நில்சன், சூசன் பெல்கர் இருவரும் 1994இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, தட்டையான ஒளித்திட்டிலிருந்து லென்ஸ் உள்ள கண் வரை வர நான்கு லட்சம் தலைமுறைகளுக்கும் குறைவாகவே போதும் என்று வந்தது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் சிறு கடல் உயிரிக்கு, பூமியின் வரலாற்றில் அது மிகச் சிறிய காலம்.

குரங்கு பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இன்றைய குரங்கு எதுவும் நம் மூதாதை இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதைக் கூட்டம் ஒன்று சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. அது இரண்டு கிளையாகப் பிரிந்து, இரண்டுமே இன்றுவரை மாறிக்கொண்டு வந்திருக்கின்றன.

மருந்துச் சீட்டில் இயற்கைத் தேர்வு

இந்தப் பாடம் தேர்வுக்குப் படித்து மறக்க வேண்டியது என்று நினைப்பவர்களுக்கு மலேரியா மருந்தின் வரலாற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

குளோரோகுயின் மலிவானது, பாதுகாப்பானது. பல பத்தாண்டுகள் உலகம் அதை நம்பியிருந்தது. 1950களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் தென் அமெரிக்காவிலும் அதற்கு அடங்காத மலேரியா ஒட்டுண்ணிகள் தென்பட்டன. 1970களின் கடைசியில் அவை கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டின. மலாவி நாடு 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே சோதித்த ஒட்டுண்ணிகளில் சுமார் 85 சதவீதத்தில் எதிர்ப்பு மாற்றம் இருந்தது. 2000இல் அது 13 சதவீதமாகக் குறைந்தது. 2006இல் வெளியான மருத்துவச் சோதனையில், குளோரோகுயின் அங்கே கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் குணப்படுத்தியது.

எதிர்ப்பு ஏன் பின்வாங்கியது? டாஃப்னி மேஜரில் 1983க்குப் பிறகு நடந்ததேதான். மருந்தைத் தாங்கும் மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. மருந்து இல்லாத உடலில் அந்த மாற்றம் உள்ள ஒட்டுண்ணி மற்றவற்றைவிடக் கொஞ்சம் பின்தங்குகிறது. மருந்து போனதும் சாதகம் போனது, விலை மட்டும் நின்றது. எல்லா மருந்துக்கும் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விலை மிகக் குறைவாக இருக்கும் எதிர்ப்புகள் மருந்தை நிறுத்திய பிறகும் தங்கிவிடும்.

இப்போது ஃபால்சிபாரம் மலேரியாவுக்குத் தரப்படுவது ஆர்டிமிசினின் வகை மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்த கூட்டுச் சிகிச்சை. ஒன்று போதாதா என்று கேட்கலாம். கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை:

1. முதல் மருந்தைத் தாங்கும் மாற்றம் கோடியில் ஒரு ஒட்டுண்ணிக்கு இருக்கிறது என்போம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் உடலில் ஒரு லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் வரை இருக்கலாம். அப்படியானால் அந்த ஒருவருக்குள்ளேயே ஒரு லட்சம் ஒட்டுண்ணிகள் மருந்து வருவதற்கு முன்பே அதைத் தாங்கத் தயாராக இருக்கின்றன.

2. இரண்டாவது மருந்துக்கும் அதே அளவு வாய்ப்பு என்றால், இரண்டையும் ஒருசேரத் தாங்குவது கோடி கோடியில் ஒன்று. அப்படி ஒரே ஒரு ஒட்டுண்ணியைக் காண இதுபோன்ற நூறு நோயாளிகள் வேண்டும்.

3. ஒரு மருந்து ஏற்கெனவே பலனிழந்த ஊரில் இந்தப் பெருக்கல் வேலை செய்யாது. அங்கே கூட்டு மருந்து தந்தாலும் உண்மையில் போராடுவது ஒரு மருந்துதான்.

மூன்றாவது நிலைதான் மேற்குக் கம்போடியாவில் வந்தது. ஆர்டிமிசினினுக்கு ஒட்டுண்ணிகள் மெதுவாகவே அடங்குகின்றன என்ற செய்தி 2008-09 வாக்கில் அங்கிருந்து வந்தது. துணை மருந்தும் பின்னர் அங்கே பலவீனமானது. ஆர்டிமிசினின் எதிர்ப்போடு தொடர்புள்ள கெல்ச்13 என்ற மரபணுவின் மாற்றங்கள் ருவாண்டாவிலும் பரவியிருப்பது 2020இல் வெளியானது. அவை ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்தவை இல்லை, அங்கேயே தனியாகத் தோன்றியவை. அதனால்தான் மூன்று மருந்துகளை ஒன்றாகத் தரும் முறையை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சோதித்து வருகிறார்கள். மூன்றும் உண்மையில் வேலை செய்தால், தப்பிக்க நினைக்கும் ஒட்டுண்ணி மூன்று மாற்றங்களையும் ஒருசேர, மருந்து உள்ளே வருவதற்கு முன்பே சுமந்திருக்க வேண்டும்.